டப்பா மாஸ்டரும் கூர்மலை மணியும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஊரெல்லாம் பள்ளிகள் உண்டு. காரை நிறுத்தக் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஒருவர் பள்ளி நடத்தினார் என்றால், அது இந்த உலகத்திலேயே பூந்தமல்லி டப்பா மாஸ்டர் ஒருவர்தான். அவரிடம் படித்த எங்களில் யாருக்கும் நாலாவது கியர் ஒழுங்காக விழாது. ஆனால் எந்தப் பாலத்தடியிலும், எந்த முள்வேலி ஓரத்திலும், பின்னால் எத்தனை லாரி ஹாரன் அடித்தாலும், நிறுத்து என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. காக்கிச் சட்டை, ஹவாய் செருப்பு, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் வேர்க்கடலைப் பொட்டலம். பரம்பரையாகப் பூந்தமல்லிக்காரர். தாத்தா காலத்து நிலமெல்லாம் இப்போது மற்றவர்களின் அடுக்குமாடியாக நிற்கிறது. அதில் மிஞ்சிய ஒரு கடையில்தான் டிரைவிங் ஸ்கூல்.

நான் கரூர்ப் பக்கத்துக்காரி. வேலைக்காக வந்து குமணன்சாவடியில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவள். கார் ஓட்ட முதலில் என் கணவர்தான் கற்றுக்கொடுத்தார். ஒரே ஒரு நாள். கிளட்ச் எது என்று கேட்டேன். அதற்கு அவர் என் தம்பி, சித்தப்பா, எங்கள் குலதெய்வம் எல்லோரையும் இழுத்துப் பதில் சொன்னார். மறுநாளே டப்பா மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் வகுப்பிலேயே, மெட்ரோ தூண்களுக்கு நடுவே நத்தை மாதிரிப் போய்க்கொண்டிருந்தபோது, "மேடம், லெஃப்ட்ல ஒரு கல்வெர்ட்டு வருது பாருங்க, அங்க நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். இறங்கினார். சாக்கடைக்கு மேலிருந்த கைப்பிடிச் சுவரின் இடுக்கில் தோள் வரைக்கும் கையை விட்டார். எனக்குப் பின்னால் ஒரு பஸ். அதற்குப் பின்னால் பெங்களூர் வரைக்கும் வண்டிகள் என்று தோன்றியது. பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "இன்னாமா, அவுரு இன்னாத்த தேடுறாரு?" என்றார்.

"சாவி" என்றேன்.

"வண்டி ஓடிக்கினு கீது, இன்னா சாவி?"

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மாஸ்டர் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, ஏதோ சாமி சிலையைத் தோண்டி எடுத்தவர்போல் வந்தார்.

அன்றைக்குத்தான் அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னார். அவரிடம் கார் கற்றுக்கொண்டு வெளிநாடு போன யாரோ ஒருவர் அவருடைய போனில் ஏற்றிவிட்டுப் போனது. ஜியோகேஷிங் என்று பெயர். உலகம் முழுக்க யார் யாரோ டப்பாக்களை ஒளித்துவைத்து, இருக்கும் இடத்தைப் போனில் குறித்துவைத்திருக்கிறார்கள். நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். டப்பாவுக்குள் ஏதாவது சின்னப் பொருள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு நம் பொருள் ஒன்றை வைக்க வேண்டும். மாஸ்டர் தன் ஸ்கூல் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த சாவிக்கொத்துகளை இதற்காகவே வாங்கிக் குவித்திருந்தார்.

"இதுல என்ன கிடைக்கும் மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"ஒண்ணியும் கெடைக்காது மேடம். அதான் நிம்மதி."

ஆவடியில் நடந்ததை நான் இன்றைக்கும் என் வீட்டில் முழுசாகச் சொன்னதில்லை. ஒரு ராணுவ முகாமின் மதிலோரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். போன் காட்டிய இடம் சாலைக்கு எதிர்ப்புறத்து மரம். மாஸ்டர் எப்போதுமே போனில் வழி காட்டும் அம்புக்குறியைத் தலைகீழாகப் பார்க்கிற ஆசாமி. மதிலை ஒட்டி மண்டியிட்டுச் செங்கல் செங்கலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியோடு ஒரு காவலர் வந்து இந்தியில் ஏதோ கேட்டார். மாஸ்டருக்குத் தெரிந்த இந்தியில் அவர் சொன்ன பதில்: "டப்பா. சோட்டா டப்பா. அந்தர்."

மதில் ஓரத்தில், உள்ளே, சின்ன டப்பா இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் காவலர் என்ன செய்வார்? விசில் ஊதினார். இன்னும் நாலு பேர் வந்தார்கள். எங்களை ஒரு வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, என் ஆபீஸ் அடையாள அட்டையைப் போட்டோ எடுத்தார்கள். இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, "யாரோ, லிஃப்ட் கேட்டார்" என்று சொல்லிவிட்டேன். காரின் கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை முக்கோணமாக நின்றுகொண்டிருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, "ஆமா சார், லிஃப்ட்டுதான்" என்றார், எனக்காக.

விட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது வெட்கத்தில் நான் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். அவர் வேர்க்கடலையை நீட்டினார்.

பிறகும் ஏன் அவரை விடாமல் போனேன் என்றால், அந்த மனிதர் ஒரு நாளும் என்னைச் சத்தம் போட்டதில்லை. பூந்தமல்லி பஸ் நிலைய வாசலில், இருபுறமும் பஸ்கள் உறுமிக்கொண்டிருக்க, வண்டி அணைந்து நான் அழாத குறையாக இருந்தபோது, "மெதுவா போடுங்க மேடம். பஸ்ஸுக்கு இன்னா அவசரம், உள்ள போயி நிக்கத்தானே போவுது" என்றார். என் வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் என்னிடம் அவ்வளவு சாந்தமாகப் பேசியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கூர்மலை வந்தது.

ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லை ஓரத்தில் மொட்டைப் பாறையாக நிற்கும் ஒரு மலை. அதன் உச்சியில் ஒரு டப்பா இருப்பதாகவும், வைத்ததிலிருந்து யாருமே எடுக்கவில்லை என்றும் போன் சொன்னது. யாரும் தொடாத டப்பாவை முதலில் எடுப்பவருக்கு அந்த விளையாட்டில் தனி மரியாதை. மாஸ்டருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் சுந்தரம் சாரையும் கிளப்பிவிட்டார். சுந்தரம் சார் ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அதன்பிறகு கார் கற்றுக்கொள்ள வந்தவர். 'நெடுஞ்சாலைப் பயிற்சி' என்று சொல்லித்தான் எங்கள் இருவரையும் கூட்டிப்போனார்.

மலையடிவாரத்தில் இறங்கியதும் சுந்தரம் சார் அண்ணாந்து பார்த்தார். "படி எங்கப்பா?"

"படி இல்ல சார்."

"மலைன்னியே. மலைன்னா படி இருக்கும், நடுவுல மோர் விப்பாங்கன்னு நெனச்சுல்ல வந்தேன்."

வழி என்று ஒன்று கிடையாது. காய்ந்த ஓடை ஒன்று, அதில் ஆள் உயரப் பாறைகள். பாறைகள் முடிந்த இடத்தில் முட்புதர். புதர் முடிந்த இடத்தில் மறுபடி பாறை, அதுவும் சூடேறிய பாறை. மாஸ்டர் ஹவாய் செருப்போடு ஏறினார். ஒரு செருப்பின் வார் அறுந்ததும், ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு ஏறினார். ஊக்கும் போனதும், இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினார். பாதி வழியில் ஒரு மரநிழலைக் கண்ட சுந்தரம் சார், தயிர்சாதப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க. நான் சாப்பாட்டுக்குக் காவல் இருக்கேன்."

கடைசிப் பாறையை நாங்கள் இருவரும் நாலு காலில் கடந்தோம். என் வயசுக்கும் உடம்புக்கும் அது பார்க்கச் சகிக்கிற காட்சியாக இருந்திருக்காது. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. போனில் அம்புக்குறி ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நேராக ஒரு கல் குவியலிடம் போனார். அதன் பின்பக்கத்துப் பொந்தில் துருப்பிடித்த தகர டப்பா ஒன்று இருந்தது.

உள்ளே திரி, தீப்பெட்டி, கற்பூரம், ஒரு சின்ன வெண்கல மணி.

"மாஸ்டர், கல்லெல்லாம் கரி பிடிச்சிருக்கு. இது ஏதோ சாமி இடம் மாதிரி இருக்கே" என்றேன்.

"இன்னா மேடம் நீங்க. பாத்தா டப்பான்னு தெரியாத மாதிரி வெக்கறதுதான் இதுல வித்தையே."

"பேர் எழுதுற சீட்டைக் காணோமே."

"காத்துல பறந்து பூட்டிருக்கும்."

எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் நாலு காலில் ஏறி வந்தபிறகு, சந்தேகத்துக்கும் மூச்சு வாங்கியது போலிருக்கிறது. அவர் பஸ் டிக்கெட் ஒன்றின் பின்பக்கம் பெயர் எழுதி உள்ளே வைத்தார். மணியை எடுத்துக்கொண்டார். பதிலுக்குச் சாவிக்கொத்தை வைத்தார். நான் மணியை உயர்த்திப் பிடித்து ஆட்ட, அவர் பல்லெல்லாம் தெரிய நிற்க, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். அன்று சாயங்காலம் அவருக்காக அந்த விளையாட்டின் பக்கத்தில் படத்தைப் போட்டு, ஆங்கிலத்தில் நாலு வரி வீரவசனமும் எழுதி ஏற்றியது நான்தான்.

அடுத்த சில நாள் மாஸ்டரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து கடை வாசலில் 'சிகரம் தொட்ட சிங்கமே' என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மணியைக் காரின் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டார். பிரேக்கை முரட்டுத்தனமாக மிதித்தால் மணி அடிக்கும். "மணி அடிச்சா மார்க் கொறைவு" என்பார். நான் ஓட்டும்போது அது ஓயாமல் அடித்தது. சிக்னலில் ஸ்கூட்டரில் நின்ற ஒரு அம்மா, பக்கத்தில் கோயில் இருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அந்த டப்பாவை வைத்த கோயம்புத்தூர்க்காரர், எல்லோரும் படிக்கும் இடத்தில், எங்கள் படத்துக்குக் கீழே பதில் எழுதினார். மிக மரியாதையாக எழுதியிருந்தார். என்னுடையது பச்சை நிற டப்பா, வேறொரு பாறைக்கடியில் இருக்கிறது. நீங்கள் திறந்தது அடிவாரத்து ஊர்க்காரர்கள் விளக்கேற்றும் இடம். தயவுசெய்து மணியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

நான் அதை ஆபீஸ் கேண்டீனில் உட்கார்ந்து படித்தேன். இட்லியைப் பாதியிலேயே தள்ளி வைத்தேன். மாஸ்டருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். காரில் இருந்தார் போலிருக்கிறது, மறுமுனையில் மணியை அவிழ்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அதன்பின் சில நாள் கடை ஷட்டர் திறக்கவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா மேடம், ஊட்ட உட்டு வெளியவே வர மாட்றாரு. வெறும் மோரக் குடிச்சிக்கினு செவுத்தப் பாத்துக்கினு கீறாரு. அந்த மலைல எதுனா காத்து கருப்பு அட்ச்சிச்சா?"

உள்ளே மாஸ்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். மணி ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சாமி சொத்து மேடம். அத்தப் போயி பிரேக்கு பாக்கக் கட்டிக்கினு திரிஞ்சிருக்கேன்."

"நானும்தானே ஆட்டினேன் மாஸ்டர்."

"நீங்க கேட்டீங்க, சாமி எடம் மாதிரி கீதேன்னு. நாந்தான் காதுல வாங்கல." துண்டோடு மணியை என் பக்கம் நகர்த்தி, "கூரியர்ல அனுப்பிடலாமா?" என்றார். சொன்ன வேகத்திலேயே, "வோணாம். போவோணும்" என்றார்.

அப்போது எனக்கு லைசன்ஸ் வந்திருந்தது. நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் அவர் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டே வந்தார், சத்தம் வந்துவிடக் கூடாது என்று.

அடிவாரத்து டீக்கடைக்காரப் பெண்மணியின் பெயர் சரோஜா. நாங்கள் துண்டைப் பிரித்ததும் ஒரு நிமிடம் மணியைப் பார்த்தார், பிறகு மாஸ்டரின் சட்டையைப் பார்த்தார். "நீதானா அந்த டிரைவிங் ஸ்கூலு?"

"எப்டிம்மா தெரியும்?"

"சாவிக்கொத்துல நம்பரு இருந்திச்சே. ரெண்டு தபா போன் போட்டேன். மலைலேருந்து பேசுறோம்னேன். நீ, கார் கிளாஸா பைக் கிளாஸான்னு கேட்ட. கெடையாதுப்பான்னதும் வெச்சிட்ட."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கொரங்கு தூக்கிக்கினு பூடும்னுதான் அத்த டப்பாவுல போட்டு வெச்சோம்" என்றார் சரோஜா. "இத்தன வருசத்துல ஒரு கொரங்கும் தொடல."

எனக்கு அங்கேயே அந்த டீக்கடை பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் போல் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று மிச்சமிருந்தது. ஊரில் ஏழுமலை என்று ஒருவர். ஆடு மேய்க்க உச்சி வரைக்கும் போய்வருகிறவர் அவர் ஒருவர்தான். மணி காணாமல் போனதும் ஊர் அவரைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறது. குடிக்கக் காசுக்காக விற்றிருப்பான் என்று பேசியிருக்கிறார்கள். அவர் வந்தால் டீக்கடையில் பெஞ்சைக் காலி செய்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். சரோஜாவும் அவருக்குத் தனி கிளாஸில் டீ கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது சரோஜா எங்களைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கைல குடுத்துட்டுப் போனா ஆச்சா?" என்றார். "அவன்கிட்ட சொல்லு. எல்லார் எதிர்லயும் சொல்லு."

ஆள் அனுப்பி ஏழுமலையைக் கூட்டிவந்தார்கள். கூடவே ஊரும் வந்தது. ஒல்லியான மனிதர், தோளில் தொரட்டிக்கோல். கூட்டத்தைப் பார்த்ததும், இன்னொரு பழி வருகிறது என்று நினைத்தவர்போல் தள்ளியே நின்றார். மாஸ்டர் எழுந்து நடுவில் போய் நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். ஆபீஸ் போகிறவள், நல்ல புடவை கட்டியவள், எதற்காக இதில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணாத்தே" என்றார் மாஸ்டர். மறுபடி சொன்னார். "அண்ணாத்தே, மணிய எடுத்தது நானு. திருடணும்னு எடுக்கல. வெளையாட்டுன்னு நெனிச்சு எடுத்தேன். எப்டி எடுத்தாலும் எடுத்தது நாந்தான். உம்மேல பழி வந்தது என்னாலதான்." நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, கையெடுத்துக் கும்பிட்டார். காக்கிச் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. அந்த நனைந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் பின்னால் நிற்க என்னால் முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். "நானும் கூட இருந்தேங்க" என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆனால் சொன்னேன்.

ஏழுமலை எங்களைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற தன் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்வை பட்டவர்கள் எல்லாம் வேட்டியைச் சரிசெய்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் வெட்கப்படாத ஆள் ஒருவர்தான், அவர் ஏழுமலை. சரோஜா பெரிய கிளாஸ் நிறைய டீயை எல்லோரும் குடிக்கிற பெஞ்சில் கொண்டுவந்து வைத்தார். ஏழுமலை அவசரப்படாமல் உட்கார்ந்து, ஆற்றி ஆற்றிக் குடித்து முடித்தார். பிறகு தொரட்டிக்கோலை எடுத்துக்கொண்டு, "வா, கொண்டுபோயி வெச்சிட்டு வர்லாம்" என்று மாஸ்டரிடம் சொன்னார்.

மறுபடி அதே ஓடை, அதே முள், அதே சூடு. ஏழுமலை முன்னால் முள்ளை ஒதுக்கிக்கொண்டே போனார். மாஸ்டர் ஒவ்வொரு திருப்பத்திலும், "மன்னிச்சுக்கோ அண்ணாத்தே" என்றார். பாதி மலை வரைக்கும் பொறுத்துப் பார்த்த ஏழுமலை, "காலைப் பாத்து வெய்யி. மன்னிப்பு கேட்டுக்கினே வந்தா உயுந்துடுவ" என்றார். கடைசிப் பாறையில் மாஸ்டரைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதும் அவர்தான்.

உச்சியில் மாஸ்டர் துண்டைப் பிரித்து, மணியைச் சட்டையில் துடைத்து, டப்பாவில் வைக்கப் போனார். ஏழுமலை அதை வாங்கி, விளிம்புக்குப் போய் நின்று, கையை உயர்த்தி நன்றாக அடித்தார். கீழே எறும்பு மாதிரித் தெரிந்த தெருவிலிருந்து யாரோ நீளமாக விசிலடித்தார்கள். ஏழுமலை முதல் தடவையாகச் சிரித்தார். மாஸ்டர் பாறையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நானும் ஏழுமலையும் ஆந்திராவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இறங்கலாம் என்று எழுந்தபோது, மாஸ்டர் யாரையும் பார்க்காமல், காற்றிடம் கேட்பதுபோல் கேட்டார்: "அந்தப் பச்ச டப்பா... இங்கதான் எங்கியோ கீது, இல்ல மேடம்?"

போனை அவர் வேண்டுமென்றே காரில் வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் முகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கான வெட்கம் அப்படியே இருந்தது. கண் மட்டும் பாறைகளின் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது.

"எனக்கென்ன தெரியும் மாஸ்டர்" என்றேன்.

நான் நின்றிருந்த பாறைக்கு அடியில், என் செருப்புக்குப் பக்கத்தில், பச்சையாக ஒரு மூலை துருத்திக்கொண்டிருந்தது. புடவைக் கொசுவத்தை லேசாக நகர்த்தி அதை மறைத்துக்கொண்டேன். இன்னொரு நாள் அவரே தேடி வந்து கண்டுபிடிக்கட்டும். அன்றைக்கும் வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.